நான்காம் பக்கமும் இருபத்தொன்பதாம் பக்கமும்

முதல் கல் சன்னல் கண்ணாடியை உடைத்துக்கொண்டு உள்ளே வந்தபோது புள்ளியக்கா நாளிதழில் எழுத்துப்பிழை தேடிக்கொண்டிருந்தாள். முப்பத்தோரு வருடம் அரசு அச்சகத்தில் ப்ரூஃப் பார்த்த கண், காலையில் எழுந்தால் வேறு எதைத் தேடும்? அன்றைய தலைப்புச் செய்தியில் 'சாட்ச்சியம்' என்று ஒரு 'ச்' கூடுதலாக விழுந்திருந்தது. அதைச் சிவப்புப் பேனாவால் சுழித்துக்கொண்டிருக்கும்போதே இரண்டாவது கல் வந்து நெற்றியைப் பிளந்தது. ரத்தம் புருவத்தில் இறங்கி, கண்ணை மூடி, தாளில் சொட்டியது.

செய்தி இதுதான். போருக்குக் காரணமான அரசுச் சிறுநூலில் பொய்யை எழுதியது யார் என்று விசாரணைக் குழு கேட்டிருக்கிறது. நாட்டின் முன்னாள் தலைவர், "நான் எழுதியது சரி. அது அச்சுப்பிழை. ப்ரூஃப் பார்த்தவர்களைக் கேளுங்கள்" என்று சொல்லிவிட்டுத் தண்ணீர் குடித்தாராம். தண்ணீர் குடித்ததைக்கூட விடாமல் போட்டிருந்தார்கள். எழுபதாயிரம் பேர் செத்த போருக்கு அந்த மனிதர் கண்டுபிடித்த காரணம் அச்சுப்பிழை! நாக்கில் நரம்பில்லாமல் பேசுவது என்றால் இதுதான்.

வெளியே நாற்பது ஐம்பது பேர் இருந்தார்கள். "கொலைகாரி, வெளிய வாடி!" என்று கத்தினார்கள். தினமும் "என்ன புள்ளியக்கா, சௌக்கியமா?" என்று கேட்கும் பால்காரர் கையில் அரைச் செங்கல். ஒரு கை போன முன்னாள் சிப்பாய் மிச்சமிருந்த கையால் எறிந்த கல்தான் நெற்றியில் பட்டது. மூன்று வருடத்துக்கு முன்னால் "அணையைக் காப்போம்" என்று தொண்டை கிழியக் கத்தியதும் இதே வாய்கள்தான். அது வேறு கதை என்று சொல்ல வந்தேன். இல்லை, அதுவும் இதே கதைதான்.

கதவைத் திறந்துகொண்டு வெளியே போனது புள்ளியக்கா இல்லை. அவள் தம்பியின் மனைவி. தையல்காரி. அப்போதுதான் ஒரு காலரை அழுத்திக்கொண்டிருந்தவள், கொதிக்கும் இஸ்திரிப் பெட்டியைக் கையோடு தூக்கிக்கொண்டு வாசலில் போய் நின்றாள்.

"வாங்கடா! எவன் மூஞ்சி கசங்கியிருக்கோ வாங்க, தேச்சு விடறேன்!"

ஒருவன் விளையாட்டு என்று நினைத்துக் கிட்டே வந்தான். தோளில் ஒரு வைப்பு வைத்தாள். சட்டையும் தோலும் சேர்ந்து கருகிய நாற்றம் வீட்டுக்குள் வரை வந்தது. அவன் அலறிக்கொண்டு பின்னால் விழ, கூட்டம் இரண்டடி நகர்ந்தது.

"உன் புருஷனையே கொன்னவம்மா அவ! அவளுக்கா நீ காவல் நிக்கறே?" என்று பால்காரர் கேட்டார்.

தையல்காரி பெட்டியைக் கை மாற்றிப் பிடித்துக்கொண்டு, கூட்டம் கலையும்வரை அங்கேயே நின்றாள். உள்ளே வந்து, தான் அண்ணி என்று கூப்பிடும் புள்ளியக்காவின் நெற்றியில் ஆறு தையல் போட்டாள், துணி தைக்கிற நூலாலேயே. அந்தத் தெருவுக்கு மருத்துவர் வருவதை நிறுத்தி ரொம்ப நாளாகிவிட்டது.

புள்ளியக்கா என்ற பெயர் எப்படி வந்தது என்று சொல்லிவிடுகிறேன். வேலைக்குச் சேர்ந்த மூன்றாம் வருடம், கல்வி அமைச்சரின் பொன்மொழிகள் புத்தகமாக ஆயிரக்கணக்கில் அச்சில் ஓடிக்கொண்டிருந்தன. இவள் தண்ணீர் குடிக்கப் போகிற போக்கில் ஒரு தாளைப் பார்த்தாள். ஓடிப்போய் மெஷினை நிறுத்தினாள். மெஷின்காரர் அடிக்கவே வந்துவிட்டார். அட்டையில் 'ல்' மேல் புள்ளி இல்லை. கல்வி அமைச்சர் கலவி அமைச்சராகி நாடு முழுக்கப் போயிருப்பார்! அன்றிலிருந்து போர்மேன் முதல் கூட்டுகிற ஆள்வரை எல்லோருக்கும் அவள் புள்ளியக்கா. அவளுக்கும் அதில் பெருமை. கொஞ்சநஞ்சமில்லை, தலைகொள்ளாத பெருமை. என் கையைத் தாண்டி ஒரு பிழை போகாது என்று போகிற இடமெல்லாம் சொல்வாள். அந்தப் பெருமைதான் கடைசியில் அவளைக் கவிழ்த்தது.

தம்பி அவளைவிடப் பன்னிரண்டு வயது சின்னவன். அம்மா போனபின் இவள் வளர்த்த பிள்ளை. அவளே அவனை அச்சகத்தில் காப்பி படிக்கச் சேர்த்தாள். ப்ரூஃப் பார்ப்பது இரண்டு ஆள் வேலை. ஒருவர் மூலத்தை வாய்விட்டுப் படிக்க வேண்டும், காற்புள்ளி, முற்றுப்புள்ளி, அடைப்புக்குறி ஒன்று விடாமல். மற்றவர் அச்சான தாளில் விரல் வைத்துத் தொடர வேண்டும். பதினாறு வருடம் எதிரெதிரே உட்கார்ந்து அவன் படித்தான், அவள் திருத்தினாள். வீட்டிலும் அந்தப் பழக்கம் போகாது. "அக்கா காற்புள்ளி பசிக்குது காற்புள்ளி ஏதாவது இருக்கா கேள்விக்குறி" என்பான். கல்யாணமான புதிதில் தையல்காரி, இந்த மனிதருக்கு ஏதோ கோளாறு என்று நினைத்து அழுதிருக்கிறாள்.

அந்தச் சிறுநூல் முப்பத்திரண்டு பக்கம். ஆற்றுக்கு அக்கரையில் இருக்கிற நாடு, மேலே இருக்கிற பெரிய அணையைத் தகர்த்து நம் ஊர்களை மூழ்கடிக்கப் போகிறது என்று தலைவர் மேடைக்கு மேடை பேசிக்கொண்டிருந்த காலம். மக்கள் பாதி நம்பினார்கள், பாதி நம்பவில்லை. நம்பாத பாதிக்காக எழுதியது அந்த நூல். முதலில் அடித்த ப்ரூஃபில் நான்காம் பக்கத்தில் இப்படி இருந்தது: "அணையின் அடியில் வெடிமருந்து இருக்கலாம்." இருபத்தொன்பதாம் பக்கத்தில் அணையைப் பார்த்துவிட்டு வந்த பொறியாளர்கள் ஐந்து பேரின் குறிப்பு. அதிலும் அதே வரி, அதே 'இருக்கலாம்'. கீழே ஐந்து கையெழுத்து.

அந்த ப்ரூஃப் தலைவரின் அலுவலகத்துக்குப் போய்விட்டு ஒரு மதியவேளையில் திரும்பி வந்தது. கூடவே ஒரு செயலாளரும் வந்து, வெளியே நாற்காலியில் உட்கார்ந்து காலாட்டிக்கொண்டிருந்தார். ஒரு மணி நேரத்தில் அச்சுக்குப் போக வேண்டுமாம். தம்பி படித்தான். நான்காம் பக்கத்தில் 'கலாம்' பச்சை மசியில் அடிக்கப்பட்டு, மேலே 'கிறது' என்று எழுதி, பக்கத்தில் தலைவரின் சுருக்கொப்பம். பச்சை மசியில் தொட யாருக்கும் உரிமை இல்லை. அப்படியே விட்டார்கள். இருபத்தொன்பதாம் பக்கம் வந்ததும் தம்பி நின்றான்.

"அக்கா, இங்க இன்னும் 'இருக்கலாம்'னே இருக்கு."

"அங்க மாத்தினவங்க இங்க மாத்த மறந்துட்டாங்க. சரி, நான் மாத்திடறேன்."

"கேட்டுட்டு மாத்தலாமேக்கா. இது பொறியாளருங்க கையெழுத்துப் போட்ட குறிப்பு."

"யாரைக் கேக்கச் சொல்றே? அங்க காலாட்டிட்டு உக்காந்திருக்கானே, அவனையா? ஒரே புத்தகத்துல ரெண்டு பேச்சு இருந்தா, படிக்கறவன் நம்மளைத்தான் காறித் துப்புவான். நீ மேல படி."

சிவப்புப் பேனாவால் ஒரு கோடு. மேலே 'கிறது'. இரண்டு பக்கமும் ஒரே பேச்சு பேசின. கீழே அவள் ஒப்பம், அவன் ஒப்பம். ப்ரூஃப் பார்க்கிறவர்களுக்கு மட்டுமே வரக்கூடிய புத்தி இது. பொருள் எப்படிப் போனாலும் போகட்டும், ஒருமை கெடக்கூடாது!

பத்து நாளில் சபை கூடியது. எதிர்க்கட்சிக்காரர் ஒருவர் எழுந்து ஆதாரம் எங்கே என்று கேட்டார். தலைவர் அந்த நூலை விரித்து, "என் பேச்சை நம்ப வேண்டாம். இருபத்தொன்பதாம் பக்கத்தைப் பாருங்கள். போய்ப் பார்த்த பொறியாளர்களே 'இருக்கிறது' என்று கையெழுத்துப் போட்டிருக்கிறார்கள்" என்றார். புள்ளியக்கா அதை வானொலியில் கேட்டாள். தம்பி எழுந்து வானொலியை அணைத்தான். பொறியாளர்களில் இரண்டு பேர் நாங்கள் அப்படி எழுதவில்லை என்று சொல்லக் கிளம்பினார்கள். இருவரும் சிறைக்குப் போனார்கள், ஒருவர் திரும்பி வரவில்லை. போருக்கு ஆதரவாகச் சபையில் கை தூக்காதவர்கள் எட்டே பேர்.

அச்சு முடிந்ததும் ப்ரூஃப் தாள்களை எரிக்கச் சொல்லி உத்தரவு. போர்மேன் எண்ணி எண்ணி அடுப்பில் போட்டார். ஒரு தாள் குறைந்தது. தம்பியின் சட்டைக்குள் இருந்தது அது. இங்கே ஒரு தொழில் சங்கதி சொல்ல வேண்டும். முப்பத்திரண்டு பக்கச் சிறுநூலை நடுவில் ஊசி குத்தித் தைக்கும்படி அச்சடித்தால் நான்காம் பக்கமும் இருபத்தொன்பதாம் பக்கமும் ஒரே தாளில், பக்கத்தில் பக்கத்தில் விழும். பச்சையும் சிவப்பும் ஒரே தாள். தம்பி அதை வீட்டுக்குக் கொண்டுவந்து, சமையலறை அடுக்கின் மேல்தட்டில் எழுத்து கீழே இருக்கும்படி விரித்து, மேலே பாத்திரங்களை அடுக்கினான்.

இரண்டாவது மாதத்தில் அவனுக்கும் படை ஓலை வந்தது. முப்பத்தொன்பது வயது, மூக்குக்கண்ணாடி, ஒரு கோழியைக்கூட விரட்டத் தெரியாதவன். கிளம்புகிற அன்று அக்காவிடம், "அடுக்குல இருக்குக்கா. எப்ப எடுக்கணும்னு உனக்கே தோணுதோ அப்ப எடு" என்றான். அவள் அவன் பையில் துணி மடித்து வைத்தாள்.

போர் என்றால் எங்கோ எல்லையில் நடப்பது என்று நினைத்தவர்களுக்கு நான்காம் மாதம் பாடம் கிடைத்தது. பட்டப்பகலில் அச்சகத்தின் மேல் குண்டு விழுந்தது. கூரை இறங்கியது. எழுத்துப் பெட்டிகள் வெடித்து, ஈய எழுத்துகள் தோட்டாவாகப் பறந்தன. மெஷின்காரர் இடுப்புவரை மெஷினுக்கு வெளியே இருந்தார், மீதி உள்ளே. "நிறுத்துங்க புள்ளியக்கா, மெஷினை நிறுத்துங்க" என்று நின்றுபோன மெஷினைப் பார்த்துச் சொல்லிக்கொண்டே செத்தார். அவர் கையை விடாமல் பிடித்துக்கொண்டிருந்தாள் இவள். தன் முதுகில் நான்கு எழுத்துகள் ஏறியிருப்பது அவளுக்கே தெரியாது. மருத்துவர் மயக்கமருந்து இல்லாமல் ஒவ்வொன்றாகப் பிடுங்கித் தட்டில் போட்டார். வலியில் பல்லைக் கடித்துக்கொண்டு, "எழுத்து எத்தனை பாயிண்ட் சைஸ் டாக்டர்?" என்று கேட்டாள். அந்த மனிதர் பயந்துபோய்ச் செவிலியைப் பார்த்தார்.

தம்பி வாரம் ஒருமுறை ராணுவத் தொலைபேசியில் பேசுவான். வைக்கும்போது "சரி, வெச்சுடறேன்" என்று சொல்லமாட்டான். "காற்புள்ளி" என்பான். இன்னும் பேச்சு பாக்கி இருக்கிறது என்று அர்த்தம். ஐந்தாம் மாதம் அவன் இருந்த படை அணையைப் பிடித்துவிட்டது. அப்புறம்தான் கொடுமை. அடியில் வெடிமருந்து இருக்கிறது என்று நூலில் எழுதியாகிவிட்டதே, எடுத்துக் காட்ட வேண்டாமா? தோண்டச் சொன்னார்கள். அக்கரைப் படை மலையிலிருந்து குண்டு வீச, இவர்கள் குழிக்குள் நின்று தோண்டினார்கள். சேறு வந்தது. உடைந்த ஒரு படகு வந்தது. வேறொன்றும் வரவில்லை. இன்னும் ஆழமாகத் தோண்டு என்று மேலிடம் சொன்னது. நாற்பது பேர் நின்ற குழியில் ஒரு குண்டு நேராக விழுந்தது.

ஒரு பள்ளிக்கூடத்து வகுப்பறையில் உடல்களை மூட்டைகளாக வைத்திருந்தார்கள். பெஞ்சுகளை ஓரமாக நகர்த்தி, தரையில் வரிசையாக. தம்பியின் மூட்டைக்குத் தலை இல்லை. புள்ளியக்கா பார்த்துவிட்டு, "இது அவன் இல்லை, வேற யாரோ" என்றாள். தையல்காரி குனிந்தாள். ரத்தத்தில் காய்ந்து பலகைபோல் இருந்த துணியை நகத்தால் பிரித்தாள். "காலர் தையல் என்னோடது அண்ணி" என்றாள். அப்புறம் அந்த வகுப்பறை அதிரும்படி கத்தினாள். எந்தக் குழியைத் தோண்டி அவன் செத்தானோ, அந்தக் குழிக்கு அடையாளம் போட்டுக் கொடுத்தது தன் சிவப்புக் கோடு என்று புள்ளியக்காவுக்குத் தெரியும்.

அதை எப்படிச் சொல்வது? ஊருக்குச் சொல்வது ஒரு பக்கம் இருக்கட்டும், இந்தப் பெண்ணுக்கு எப்படிச் சொல்வது? தம்பி போனபின் அவளுக்கு இவள், இவளுக்கு அவள். சொன்னால் அவளும் போய்விடுவாள். புள்ளியக்கா வாயைக் கட்டிக்கொண்டாள். ஒரு நாளா, இரண்டு நாளா? போர் முடிந்து, தலைவர் தேர்தலில் தோற்று, விசாரணைக் குழு உட்காரும்வரை அந்தத் தாளின் மேல் பாத்திரங்கள் இருந்தன.

கல் விழுந்த மறுநாள் மதியம் மூன்று பேர் வந்தார்கள். இவர்கள் கத்தவில்லை. தையல்காரி தைத்த துணிகளைக் கொடுக்கப் போயிருந்த நேரமாகப் பார்த்து வந்திருந்தார்கள். தங்கச் சட்டக் கண்ணாடி போட்ட ஒருவர் நாற்காலியைத் துடைத்துவிட்டு உட்கார்ந்தார்.

"அம்மா, எரிக்கறப்ப ஒரு தாள் குறைஞ்சுதுன்னு போர்மேன் சொன்னார். அது நமக்கு எதுக்கும்மா? குடுத்துடுங்க."

"போர்மேனுக்கு எண்ணத் தெரியாது. எல்லாத்தையும் எரிச்சாச்சு."

"அப்படியா?"

கண்ணாடிக்காரர் தலையசைத்தார். மற்ற இருவரும் அவளை இழுத்துக்கொண்டுபோய் வலது கையின் விரல்களைக் கதவு இடுக்கில் வைத்து, கதவைச் சாத்தினார்கள். எலும்பு நொறுங்கும் சத்தம் அவளுக்கே கேட்டது. திறந்து, மறுபடி கேட்டார்கள். "எரிச்சாச்சு." மறுபடி சாத்தினார்கள். நான்காவது தடவை அவள் கீழே சரிந்தாள். வயிற்றில் மிதித்தார்கள். மெத்தையைக் கிழித்தார்கள், அகராதிகளின் முதுகை உடைத்தார்கள், தையல் மெஷினைத் தலைகீழாகக் கவிழ்த்தார்கள். சமையலறை அடுக்கிலிருந்து பாத்திரம் ஒவ்வொன்றையும் எடுத்து உள்ளே பார்த்து வீசி எறிந்தார்கள். பாத்திரத்துக்குள் தேடிய புத்திசாலிகளுக்குப் பாத்திரத்துக்குக் கீழே பார்க்கத் தோன்றவில்லை. எண்ணெய்ப் பிசுக்கு ஏறிய பழைய தாள்தானே! போகிறபோது கண்ணாடிக்காரர் அவள் காதோரம் குனிந்து, "குழு முன்னாடி வந்து 'ஆமாங்க, அச்சுப்பிழைதான்'னு சொல்லிடுங்க. வயசாயிடுச்சு, கண்ணு தெரியலைன்னு விட்டுடுவாங்க" என்றார்.

அந்த வார்த்தைதான் அவளை எழுப்பியது. கையை நொறுக்கியதுகூடப் பொறுத்திருப்பாள். கண் தெரியவில்லை என்று சொல்லச் சொல்கிறானே, பாவி!

மூன்றாம் நாள், வலது கையில் கட்டோடு, அடுக்கிலிருந்து தாளை எடுத்துச் சாப்பாட்டு மேசையில் விரித்தாள். இடது பக்கம் நான்கு, வலது பக்கம் இருபத்தொன்பது. நடுவில் மடிப்பு. மடிப்போடு வெட்டினால் தலைவரின் பச்சை தனியாக வந்துவிடும். அதை மட்டும் குழுவில் கொடுத்தால் அவர் தொலைந்தார். சிவப்பை அடுப்பில் போட்டால் யாருக்கும் எதுவும் தெரியாது. தையல்காரிக்கும் தெரியாது. பக்கத்து அறையில் மெஷின் ஓடுகிற சத்தம் கேட்டது. மேசையில் கிடந்த பெரிய கத்திரியை இடது கையால் எடுத்தாள். விரல் சரியாக நுழையவில்லை. மடிப்பின் மேல் முனையில் வைத்தாள். அரை அங்குலம் வெட்டினாள்.

"துணிக் கத்திரியில தாள் வெட்டக்கூடாதுன்னு எத்தனை தடவை சொல்லியிருக்கேன் அண்ணி?"

மெஷின் நின்றதை அவள் கவனிக்கவில்லை. தையல்காரி வாசல்படியில் நின்றுகொண்டிருந்தாள்.

"சும்மா... பழைய தாள்..."

"வெட்டிட்டு எந்தப் பக்கத்தை எரிக்கப் போறீங்க?"

தையல்காரி வந்து கத்திரியைப் பிடுங்கினாள். பிடுங்கிய வேகத்தில் ஓங்கி ஓர் அறை விட்டாள். நெற்றித் தையல் பிரிந்து ரத்தம் வந்தது. இன்னொன்று விட்டாள்.

"வாரா வாரம் துடைக்கற அடுக்கு அது. எனக்குப் படிக்கத் தெரியாதா? உங்க சிவப்பு எனக்குத் தெரியாதா? அவர் கிளம்பறதுக்கு முன்னாடியே எல்லாத்தையும் சொல்லிட்டார். 'அக்காவே சொல்லும், நீயா கேக்காதே'ன்னார். மூணு வருஷமா கேக்கலை. உங்களுக்குச் சாப்பாடு போடறப்ப எல்லாம் கழுத்தை நெறிச்சுடலாமான்னு இருக்கும். போட்டுட்டு உள்ள போய் மெஷின்ல உக்காந்துடுவேன்!"

"அடி. இன்னும் அடி" என்றாள் புள்ளியக்கா. "கேட்டுட்டு மாத்தலாம்னு அவன் சொன்னான்டி. நான்தான் கேக்கலை. என் தம்பியை நானே கொன்னுட்டேன்."

தையல்காரி மறுபடி அடிக்கவில்லை. தரையில் உட்கார்ந்து அண்ணியின் முழங்காலில் முகத்தை வைத்து அழுதாள். இருவரும் அழுதார்கள், மூன்று வருடத்துக்கும் சேர்த்து. அப்புறம் அவள் எழுந்து ஊசியைக் கோத்து, பிரிந்த தையலை மறுபடி போட்டாள். கத்திரி வெட்டிய அரை அங்குலத்தை ஒட்டித் தாளை மடித்துத் தன் அளவு நாடாவால் கட்டினாள்.

விசாரணை நடந்த மண்டபத்தில் மூச்சுவிட இடமில்லை. புள்ளியக்கா தாளைக் கொடுத்தாள். நீதிபதி பச்சையைப் பார்த்தார். தலைவரின் வழக்கறிஞர் உடனே சிவப்பைப் பிடித்துக்கொண்டார்.

"இருபத்தொன்பதாம் பக்கத்துல இருக்கற சிவப்பு யாரோடது?"

"என்னோடது."

"யார் சொல்லி மாத்தினீங்க?"

"யாரும் சொல்லலை. நாலாம் பக்கத்துல தலைவர் மாத்தினதைப் பாத்து, இங்கயும் அப்படியே இருக்கணும்னு நானா மாத்தினேன்."

"அப்ப பொறியாளர்கள் வாயில பொய்யை வெச்சது நீங்கதானே?"

"ஆமா. நான்தான். அது அச்சுப்பிழை இல்லை. முப்பத்தோரு வருஷத்துல என் கையைத் தாண்டி அச்சுப்பிழை போனது கிடையாது. ரெண்டுமே தெரிஞ்சு மாத்தினது. அவரு பொய்யின்னு தெரிஞ்சு மாத்தினார், நான் கேக்காம மாத்தினேன். என்ன தண்டனை குடுத்தாலும் வாங்கிக்கறேன். அவருக்கும் குடுங்க."

மண்டபம் கொதித்தது. கொலைகாரி என்று ஒரு செருப்பு பறந்து வந்து அவள் மார்பில் பட்டது. அவள் நகரவில்லை. நீதிபதி மேசையைத் தட்டிவிட்டு, தலைவரைப் பார்த்து, இந்தப் பச்சைக் கையெழுத்து உங்களுடையதா என்று கேட்டார். தலைவர் தாளை எட்டிப் பிடித்துப் பார்த்தார். கிட்டே வைத்துப் பார்த்தார். தண்ணீர் குடித்தார்.

"என்னுடையதாக இருக்கலாம்."

பின்வரிசையிலிருந்து அந்த ஒற்றைக் கைச் சிப்பாய், கல்லெறிந்தவனேதான், "இப்ப வருதாடா உனக்கு 'லாம்'!" என்று கத்திக்கொண்டு பெஞ்சுகள் மேல் ஏறி ஓடிவந்தான். யாரும் தடுப்பதற்குள் தலைவரின் வாயில் ஒரு குத்து. பல் ஒன்று மேசையில் விழுந்தது. தலைவரின் ஆட்கள் சிப்பாய் மேல் பாய, மக்கள் அவர்கள் மேல் பாய, நாற்காலிகள் பறந்தன. ஒன்று புள்ளியக்காவின் முகத்தில் பட்டது. காவலர்கள் தடியோடு இறங்கி யார் எவர் என்று பார்க்காமல் மண்டையில் போட்டார்கள். ரத்தத்தில் வழுக்கி விழுந்தவர்களை மிதித்துக்கொண்டு ஓடினார்கள். தையல்காரி அண்ணியைச் சாட்சிக் கூண்டுக்குள்ளேயே உட்காரவைத்து, அவள் மேல் கவிழ்ந்துகொண்டாள். முதுகில் இரண்டு தடியடி வாங்கினாள்.

எல்லாம் அடங்கி, மண்டபத்தைக் கழுவிவிட்ட பிறகு, வாக்குமூலத்தில் கையெழுத்து வாங்க ஒரு எழுத்தர் வந்தார். புள்ளியக்காவின் ஒரு கண் வீங்கி மூடியிருந்தது, மற்றதில் ரத்தம். வாழ்க்கையில் முதல்முறையாக அவளால் படிக்க முடியவில்லை.

"நீ படிம்மா" என்றாள். "குறி விடாமப் படி."

தையல்காரி எதிரே உட்கார்ந்து தாளைப் பிடித்தாள். புருஷன் படித்த மாதிரியே, ராகம் இல்லாமல் படித்தாள்.

"நான்காம் பக்கத்தில் தலைவர் மாற்றியிருக்கலாம் காற்புள்ளி இருபத்தொன்பதாம் பக்கத்தில் நானும் கேட்காமல் மாற்றியிருக்கலாம் முற்றுப்புள்ளி."

"நில்லு. என்ன போட்டிருக்கு?"

"'இருக்கலாம்'னு போட்டிருக்குண்ணி. ரெண்டு இடத்துலயும்."

எழுத்தர் சிரித்தார். "அது ஆபீஸ் நடைம்மா. எல்லாத்துக்கும் ஒரு 'லாம்' போட்டு வெப்போம். உங்களுக்கும் அதான் நல்லது. இல்லைன்னா உங்க மேலயும் வழக்குப் போடுவாங்க, உள்ள போயிடுவீங்க."

"பேனா இருக்கா?"

"என்ன கலர் வேணும்?"

"எதுவா இருந்தா என்ன, குடுங்க."

தையல்காரி அவள் இடது கையைப் பிடித்து முதல் 'லாம்' இருந்த இடத்தில் வைத்தாள். புள்ளியக்கா அந்தச் சொல்லை முழுசாக அடித்து, 'மாற்றினார்' என்று கோணல்மாணலாக எழுதினாள். தையல்காரி கையை அடுத்த வரிக்கு நகர்த்தினாள். அங்கே கொஞ்ச நேரம் பேனா நின்றது. பிறகு அதையும் அடித்து, 'மாற்றினேன்' என்று எழுதினாள்.

"இப்ப படி."

"நான்காம் பக்கத்தில் தலைவர் மாற்றினார் காற்புள்ளி இருபத்தொன்பதாம் பக்கத்தில் நானும் கேட்காமல் மாற்றினேன்" என்று தையல்காரி படித்தாள். செருமிக்கொண்டு, "முற்றுப்புள்ளி" என்றாள்.

புள்ளியக்கா கையெழுத்துப் போட்டாள். பக்கத்தில், காப்பி படித்தவர் போடவேண்டிய இடத்தைத் தொட்டுக் காட்டினாள். தையல்காரி அங்கே தன் ஒப்பத்தைப் போட்டாள்.